ஐநூறு சொற்களுக்கு மிகாமல்

கேள்வி ஒற்றை வரிதான்.
ஏன் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக விரும்புகிறீர்கள்?
ஐநூறு சொற்களுக்கு மிகாமல், ஆங்கிலத்தில்.
பதினோரு வருடமாக நான் எழுதியதெல்லாம்
பி.பி., நாடி, சிறுநீர் எத்தனை மில்லி,
நோயாளி உறங்குகிறார், தொந்தரவு இல்லை.
அந்த எழுத்தில் 'நான்' வராது.
ஆங்கிலத்திலோ 'நான்' ஒற்றைக் கோடு,
எங்கே வந்தாலும் பெரிய எழுத்து,
குளுக்கோஸ் ஸ்டாண்டு மாதிரி
வரிக்கு வரி நிற்கிறது.

கம்பம்மெட்டு, செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கட்டடம்.
கீழே ஏலக்காய்க் கடை, மேலே பன்னிரண்டு படுக்கை.
ஜன்னலோரம் போன் கேரளத்தில் இருக்கும்,
மருந்து அலமாரி அருகே தமிழ்நாட்டுக்கு வந்துவிடும்.
டாக்டர் பனி என்றால் காய்ச்சல்.
ஜீப்பில் வந்தவள் பனி என்றால்
விடியுமுன் மலையேறும்போது காதில் அடித்தது.
இரண்டு பனிக்கும் நடுவே தெர்மாமீட்டர் வைப்பவள் நான்
என்று எழுதினேன்.
அழகாக இருந்தது.
அடித்துவிட்டேன்.

முதல் பிரதி 'சிறு வயதிலிருந்தே' என்று தொடங்கியது.
சிறு வயதில் எனக்குக் கண்டக்டராக ஆசை.
நர்சிங் விண்ணப்பம் அக்காவுக்கு வாங்கியது.
ராயப்பன்பட்டியிலிருந்து அவள் ஒருவனோடு போய்விட்டாள்.
கட்டிய பணம் வீணாக வேண்டாமென்று
என்னை பஸ் ஏற்றினார்கள்.
போன வருடம் இடம் கிடைத்த ஷைனி சொல்கிறாள்,
இதற்குப் பெயர் சேவை மனப்பான்மை,
அப்படியே போடு, ஸ்பெல்லிங் பார்த்துப் போடு.

பவுன்தாய், நாற்பத்தாறு, புதுப்பட்டி.
ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த டிரம்மைக் கழுவியவள்.
நாலு பேர் ஜீப்பிலிருந்து தூக்கி வந்தபோது
வாயில் எச்சில் நூலாய் இறங்கியது,
நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம்.
வெயில் என்றார் ஒருவர். வலிப்பு என்றார் ஒருவர்.
இமையை விலக்கினேன்.
கண்மணி கடுகளவு.

தெரிந்துகொள்வது குற்றமில்லை,
ஆர்டர் இல்லாமல் கொடுப்பதுதான்.
கட்டப்பனையிலிருந்து டாக்டர் ஷிபு வந்துகொண்டிருந்தார்,
ஒவ்வொரு வளைவிலும் அவர் போன் செத்துப் பிழைத்தது.
அட்ரோபினை உடைத்தேன்.
சொடக்குப் போடுகிற சத்தம்தான்,
வார்டு முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது.
ஆர்டர் வந்தது நாலு நிமிஷம் கழித்து.
சார்ட்டில் இரண்டுக்கும் ஒரே நேரம், 4.52.
அப்படியே போடுங்க சிஸ்டர் என்றார், நல்ல மனுஷன்.
போட்டேன்.

கேள்விக்குப் பதில் அந்த நாலு நிமிஷம்.
எழுதினால் இடம் போகும், வேலையும் போகலாம்.
எழுதாவிட்டால் மிச்சம்
ஷைனி சொன்ன சேவை.

இரண்டு மாதம் கழித்துப் பவுன்தாய் வந்தாள்.
நன்றி சொல்ல இல்லை.
தோட்டத்துல விழுந்தேன்னு எழுதிக் குடுங்க,
கங்காணி வீட்டுலேர்ந்தே நோயோட வந்தேன்கிறான்,
அஞ்சு நாள் சம்பளம் புடிச்சிட்டான்.
நேரம் போட்டுக் குடுங்க,
உங்களுக்குத்தான தெரியும்.
டாக்டர் கையெழுத்து வேணும்மா என்றேன்.
ஊசி போட்ட கைதான, என்றாள்,
அந்தக் கையி எழுதாதா?
டாக்டர் அன்றைக்கு லீவு.
கடைசி ஜீப் ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

இன்றிரவு இண்டென்ட் சீட்டின் பின்பக்கம்
இதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்:
என் கை ஒன்றைச் செய்த நேரமும்
அதை என் கை எழுதும் நேரமும்
ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காக.
ஆங்கிலத்தில் இது இவ்வளவு நன்றாக வரவில்லை.
எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு சொல்.
தேர்வுக்குழுவுக்குப் புரியுமா தெரியாது.
புரிந்துவிட்டால் என்ன செய்வதென்றும் தெரியாது.

ஏழாம் படுக்கையிலிருந்து குரல்:
சிஸ்டர், பனி.
எந்த ஊர்க்காரி என்று சீட்டைப் பார்க்கவில்லை.
ஒரு கையில் கம்பளி, ஒரு கையில் தெர்மாமீட்டர்.
நானூற்றெழுபத்து நாலு பாக்கி.